நைனாவை ஆவணிக்கு மாற்றினேன்

காலம் என்றால் என்ன என்று பெரிய பெரிய மூளைகள் எல்லாம் யோசித்து ஓய்ந்துபோயிருப்பதாகக் கேள்வி. எங்கள் ஆபீசில் அது இரண்டு மணி நேர வேலை. அதற்கு மேல் ஆகும் என்று சொன்னால் முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஆபீஸ் என்றதும் கண்ணாடிக் கட்டடம், காபி மெஷின் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். திருப்பதியில் திருச்சானூர் போகும் சாலையில், பித்தளைச் சாமான் விற்கும் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே குத்துவிளக்கைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். மேலே நாங்கள் உலகத் தரத்தில் மென்பொருள் எழுதுவோம். நாங்கள் என்றால் முதலாளியும் நானும். எங்கள் வலைத்தளத்தில் ‘எங்கள் குழு’ என்ற தலைப்பின் கீழ் ஒன்பது பேர் கோட்டு போட்டுக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாங்கள் செய்த ஆப் செத்துப்போனவர்களுக்கானது. தப்பாக நினைக்காதீர்கள், பயன்படுத்துவது உயிரோடு இருப்பவர்கள்தான். அப்பாவோ அம்மாவோ இறந்த தேதியை அதில் போட்டுவிட்டால், ஒவ்வொரு வருஷமும் திதி எந்த நாளில் வருகிறது என்று கணக்குப் போட்டு, பத்து நாள் முன்னதாக ஞாபகப்படுத்தி, கூடவே புரோகிதரையும் ஏற்பாடு செய்து தரும். ‘பெற்றோரை மறந்துவிட்டீர்களா? கவலை வேண்டாம்!’ என்று முதலாளி விளம்பரம் எழுதினார். அதை நான்தான் தடுத்தேன். அந்தக் கம்பெனிக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

முதலாளி அதற்கு முன்பு பிறந்தநாள் ஞாபகப்படுத்தும் ஆப் ஒன்று செய்திருந்தார், அது யாரும் சீந்தாமல் கிடந்தது. அதையே தூசி தட்டி எடுத்துப் பிறந்தநாள் என்று இருந்த இடத்தில் எல்லாம் திதி என்று மாற்றினோம். எல்லா இடத்திலும் மாற்றிவிட்டதாக நினைத்தோம். முதல் மாதம் சித்தூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் போன் செய்தார். அவருடைய போனில் பலூன்கள் பறந்து, ‘இன்று உங்கள் தந்தையின் திதி! மகிழ்ச்சியோடு கொண்டாடுங்கள்!’ என்று வந்திருக்கிறது. அவர் தெலுங்கில் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. சுருக்கமாகச் சொன்னால், எங்கள் இருவருடைய திதியையும் அதே ஆப்பில் சீக்கிரமே பதிவு செய்துகொள்ளச் சொன்னார்.

பலூனை எடுத்துவிட்டோம். வியாபாரம் மெல்லச் சூடு பிடித்தது. முதலாளி தெலுங்குக்காரர், அதனால் உள்ளே ஓடும் கணக்கு எல்லாம் தெலுங்குப் பஞ்சாங்கக் கணக்கு. கர்நாடக எல்லையில் இருக்கும் குப்பம் ஊரிலிருந்து கன்னடக்காரர் ஒருவர் கேட்டார். கன்னடத்துக்கும் அதே மாதங்கள்தான், அதே கணக்குதான். எழுத்தை மட்டும் மாற்றினோம். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் ஒரு மாநிலத்தையே முடித்துவிட்ட தெம்பில் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் எல்லாம் உங்க ஆளுங்க எக்குவ, ரொம்ப ஜாஸ்தி. தமிழ் கேலண்டர் சேர்த்துடு பாபு.”

நான் தமிழன். ஆகவே தமிழ் நாள்காட்டி நிபுணன். பல் இருக்கிறவன் எல்லாம் பல் டாக்டர் என்பது போல.

“சார், அது வேற கணக்கு சார்,” என்றேன்.

“ஏம் வேற? சைத்ரம்னா சித்திரை. வைசாகம்னா வைகாசி. ஆஷாடம்னா ஆடி. சிராவணம்னா ஆவணி. பேருதான் வேற. ரெண்டூ ஒகட்டே பாபு. ரெண்டு கண்டலு சாலு.”

இரண்டும் ஒன்றுதானாம். இரண்டு மணி நேரம் போதுமாம்.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நான் பிறந்து வளர்ந்த நகரி வீட்டில் சுவரில் இரண்டு நாள்காட்டிகள் தொங்கும். ஒன்று திருத்தணி நகைக்கடைக்காரர் கொடுத்த தமிழ்த் தினத்தாள் காலண்டர். இன்னொன்று புத்தூர் அரிசி மண்டி கொடுத்த தெலுங்கு மாதக் காலண்டர். தெலுங்கு வருஷப் பிறப்புக்கு ஒரு பாயசம் வைப்பாள் அம்மா. இரண்டு மூன்று வாரம் கழித்து சித்திரை ஒன்றுக்கு இன்னொரு பாயசம். சில வருஷம் இரண்டுக்கும் இடையில் நாலே நாள்தான் இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்றால் எதற்கு இரண்டு பாயசம், அதுவும் ஏன் இடைவெளி வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். பாயசம் குடிக்கும் வயதில் யாரும் யோசிப்பதில்லை. சம்பளம் வாங்கும் வயதிலும் நான் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு தெலுங்கு மாதப் பெயர்களுக்கு எதிரே பன்னிரண்டு தமிழ் மாதப் பெயர்களைப் போட்டு ஒரு பட்டியல் செய்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மிச்ச கால் மணி நேரத்தில் கீழே போய் டீ குடித்தேன்.

பட்டியல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தமிழ்க்காரர் இறந்த தேதி வேண்டும். என்னிடம் ஒன்று இருந்தது. சில மாதம் முன்பு, ஆடியில், என் அப்பா, எங்கள் ஊர்ப் பேச்சில் நைனா, போயிருந்தார்.

நைனா பவர்லூம் மெக்கானிக். ஊரில் பாதித் தறிகள் அவர் கை பட்டவை. தறிச் சத்தத்தில் அடித்துப் போட்டது போலத் தூங்குவார். கரண்ட் போய்த் தறிகள் நின்றால், அந்த நிசப்தத்தில் துள்ளி எழுந்து, “இன்னாச்சு?” என்பார். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மூன்று மணிக்குக் கரண்ட் போய் தெரு முழுக்கத் தறிகள் நின்றன. அவர் எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்கு அப்படித்தான் தெரிந்தது.

காரியம் எல்லாம் முடிந்து நான் திருப்பதிக்குக் கிளம்பும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “மொத வருச திதி மட்டும் அந்த நாள்லயே செஞ்சுடணும்டா. போன மனுசன் ஒரு வருசம் நடந்துக்கினே இருப்பாராம். நடந்து வந்து சேர்ற நாள்ல வூட்ல ஒரு எல போடலன்னா இன்னாடா நெனைப்பாரு?”

“நான் பாத்துக்கறேம்மா. என் வேலையே அதாம்மா,” என்றேன். எவ்வளவு பெருமை பாருங்கள்.

நைனாவின் தேதியைப் போட்டேன். திரையில் ‘ஆவணி, வளர்பிறை, சஷ்டி’ என்று வந்தது.

நைனா போனது ஆடியில். அது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மன் கோயில் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பியது நான்தான். ஆனாலும் ஆவணி என்று திரையில் வந்ததும் நான் என்ன செய்தேன்? மறுபடி கணக்குப் போட்டேனா? பட்டியலைச் சந்தேகப்பட்டேனா? இல்லை. காரணம் ஒன்று கண்டுபிடித்தேன். வரப்போகிற வருஷம் அதிக மாசம் வருகிறது என்று முதலாளி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருந்தது. அதிகமாக ஒரு மாதம் வந்தால் எல்லாமே ஒரு மாதம் தள்ளிப்போகும், ஆடி ஆவணியாகும், சரிதானே என்று நானே எனக்குச் சொல்லி, நானே தலையாட்டிக்கொண்டேன். தெரியாததற்குத் தெரிந்தது போல விளக்கம் சொல்வதில் எங்கள் தொழிலில் பாதிச் சம்பளம் இருக்கிறது. அதை மற்றவர்களிடம் செய்தால் பிழைப்பு. எனக்கே செய்துகொண்டேன்.

அடுத்த வருஷம் ஆனிக் கடைசியில் அம்மா போன் செய்தாள்.

“ஆடி பொறக்கப்போவுது. உங்க நைனா திதி என்னிக்கு வருதுன்னு பாத்தியாடா?”

“ஆப்ல போட்டுட்டேம்மா. ஆவணியில வருது.”

“ஆவணியா? அவரு போனது ஆடியிலடா.”

“இந்த வருஷம் அதிக மாசம்மா. எல்லாம் ஒரு மாசம் தள்ளும்.”

“அதிக மாசம் தெலுங்குக்காரங்களுக்கு வர்றதுடா. நம்மளுக்கு ஏது?”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு யோசித்திருக்கலாம். “கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா அது. உனக்கு இன்னா தெரியும்?” என்றேன்.

அந்தப் பக்கம் அடுப்பிலிருந்து எதையோ இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், “சரிடா. படிச்சவன் நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றாள்.

ஆடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி நகரிக்குப் போனேன். ஆடி ஞாயிறு என்றால் எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். சாவு விழுந்த வீடு என்பதால் நாங்கள் அந்த வருஷம் ஊற்றவில்லை. ஆனால் எதிர் வீட்டுக்காரர்கள் ஒரு குண்டான் கூழ் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கூழ் வந்துவிட்டால் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு வேண்டும், அது சட்டம். அம்மா காலையிலேயே ஆள் விட்டுக் கருவாடு வாங்கி, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நான் மூன்று தரம் வாங்கித் தின்றேன். வாசலில் காற்றாட உட்கார்ந்து ஏப்பம் விட்டேன். இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

ஆவணியில் ஆப் தன் கடமையைச் செய்தது. பத்து நாள் முன்னதாக மணி அடித்தது. நான் லீவு போட்டேன். முதலாளி பெருந்தன்மையாகச் சம்பளம் பிடிக்காமல் அனுப்பினார், ‘கஸ்டமர் அனுபவம்’ என்று வலைத்தளத்தில் எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

எங்கள் ஊருக்கு வரும் புரோகிதர் தெலுங்குக்காரர். தமிழர் வீட்டுக்கும் அவர்தான் வருவார், இரு தரப்புக்கும் அதில் ஒரு குறையும் கிடையாது. நல்ல மனிதர், தமிழும் பேசுவார். எள்ளும் தண்ணீருமாகக் காரியம் நடந்தது. சங்கல்பம் சொல்லும்போது எந்த மாதம், எந்தத் திதி என்று அவர் வாய் தன்போக்கில் உருட்டிக்கொண்டு போனது. ‘நிஜ சிராவண மாசே’ என்றார். சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள். காக்கைக்குச் சோறு வைத்தோம். காக்கையும் வந்தது. பாவம், அதற்கு எந்தப் பஞ்சாங்கமும் தெரியாது.

புரோகிதர் போனதும் நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். அம்மா சமையலறைக்குள் போய், ஆணியில் மாட்டியிருந்த கிளிப்பை எடுத்துவந்தாள். விடிந்ததும் அன்றைய தினத்தாளைக் கிழிப்பது அவள் பழக்கம், கிழித்ததை எறிய மாட்டாள். கிளிப்பில் செருகி வைத்து, பின்பக்கத்தில் மளிகை, காய்கறி எழுதிக் கொடுத்தனுப்பி, திரும்பி வந்ததும் மறுபடி செருகிவிடுவாள். என் போன் பேச்சுக்குப் பிறகு அவள் தாளைக் கிழிப்பாளே தவிரப் படிப்பதை விட்டிருந்தாள். படித்த பிள்ளை சொன்ன பிறகு படிப்பானேன்?

இப்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஆவணி போயிற்று. ஆடிக் கடைசி போயிற்று. ஒரு தாளில் நின்றாள். கண்ணுக்குக் கிட்டே வைத்து, தூரத்தில் வைத்து, மறுபடி கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு எழுத்துக் கூட்டுவது போல ஒவ்வொன்றாக வாசித்தாள்.

“ஆடி. ஏழு. ஞாயித்துக்கெழம. வளர்பிற. சஷ்டி.”

“பின்னால திருப்புடா,” என்று என்னிடம் நீட்டினாள்.

திருப்பினேன். அவள் கையெழுத்துதான். கருவாடு கால் கிலோ. கத்திரிக்காய். மாங்காய் ஒன்று. புளி.

“வந்திருப்பாருடா,” என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. “ஒரு வருசம் நடந்து வந்து வாசல்ல நின்னுக்கினு இருந்திருப்பாரு. அவருக்குக் கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு. வாசன புடிச்சிக்கினே நின்னிருப்பாரு. நீ உள்ள குந்திக்கினு துன்னுக்கினு இருந்த. நான் உனக்குப் போட்டுக்கினு இருந்தேன். ஒரு எல போட நாதியில்ல.”

அப்புறம் அழுதாள். இறந்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. எனக்கு இந்த மாதிரி ஆத்மா நடந்து வருவதில் எல்லாம் நம்பிக்கை உண்டா இல்லையா என்று யாராவது கேட்டால் நீட்டி முழக்கிப் பேசுவேன். அன்று வாசலைப் பார்க்க எனக்குக் கூசியது. இதுதான் உண்மை.

நடந்தது இவ்வளவுதான். தெலுங்கு மாதம் நிலாவைப் பார்த்து நடக்கிறது, அமாவாசைக்கு அமாவாசை. தமிழ் மாதம் சூரியனைப் பார்த்து நடக்கிறது, ராசிக்கு ராசி. நிலா மாதம் பன்னிரண்டைக் கூட்டினால் வருஷத்துக்குப் பதினோரு நாள் குறையும். அதனால் தெலுங்கு மாதங்கள் வருஷா வருஷம் முன்னால் நகர்ந்துகொண்டே வந்து, சமாளிக்க முடியாமல் போகும்போது ஒரு அதிக மாசத்தைச் செருகிப் பழைய இடத்துக்குப் போய் நிற்கும். சூரியனுக்கு அந்தத் தொல்லை இல்லை, தமிழுக்கு அதிக மாசமும் இல்லை. நைனா போன அன்று தமிழில் ஆடி, தெலுங்கில் சிராவணம் பிறந்துவிட்டது. என் பட்டியல் சிராவணத்தை ஆவணி என்று மொழிபெயர்த்தது. மறு வருஷம் தெலுங்கில் இரண்டு சிராவணம். அதிக சிராவணத்தில் வருஷத் திதி செய்ய மாட்டார்கள் என்பதால் ஆப் அதைத் தாண்டி நிஜ சிராவணத்தில் போய் நின்றது. அது தாண்டிப்போன மாதம்தான் எங்கள் ஆடி. அம்மா போனில் ஒரே வரியில் சொன்னது இதைத்தான். எனக்குப் புரிய ஒரு நைனாவின் திதி செலவானது.

புரோகிதருக்குப் போன் செய்தேன். தவறிப்போனால் அமாவாசையில் செய்யலாம், தோஷமில்லை என்றார். செய்தோம். அம்மா உட்கார்ந்திருந்தாள். “பஸ்ஸ உட்டுட்டு அடுத்த பஸ்ஸுல ஏறுற கதையா இது?” என்று மட்டும் கேட்டாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

திருப்பதிக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். கருவாட்டை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சொன்னேன். அவர் உச்சுக் கொட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஏறத்தாழ ஒரு நிமிஷம். அப்புறம் அவர் முகம் மலர்ந்தது.

“பாபு, ஒரு பட்டன் போடுவோம். ‘திதி தவறிவிட்டதா? அமாவாசைக்குப் பதிவு செய்யுங்கள்!’ எட்லா உந்தி?”

எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். நாங்களே தப்பான நாளைச் சொல்லி, திதியைத் தவறவிட வைத்து, நாங்களே பரிகாரத்துக்கும் ஆள் அனுப்புவோம். தெருவில் ஆணியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே பஞ்சர் கடை வைப்பவர்கள்கூட இவ்வளவு பக்தியோடு செய்ய மாட்டார்கள்.

அந்த ஆபீசில் முதன்முறையாகக் கத்தினேன். கீழே விளக்கைத் தட்டும் சத்தம் நின்றது. தமிழ்க் கணக்கை ஒழுங்காகச் செய்யாமல் தமிழ் என்ற வார்த்தையே அந்த ஆப்பில் இருக்கக் கூடாது, இருந்தால் நான் இருக்க மாட்டேன் என்றேன்.

“எத்தனை மணி நேரம் ஆகும்?” என்றார் முதலாளி, பழக்க தோஷத்தில்.

“தெரியாது சார்.”

வேலைக்குச் சேர்ந்து நான் சொன்ன முதல் உண்மையான மதிப்பீடு அது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சூரியன் ராசி மாறும் நேரம் பொழுது சாய்வதற்கு முன்னால் என்றால் அன்றே மாதம் பிறக்கும், சாய்ந்த பிறகு என்றால் மறுநாள். இதெல்லாம் எங்கள் வீட்டுச் சுவரில் இருபது வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த சமாச்சாரம். ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன். தமிழ் மாதத்தில் சில சமயம் ஒரே திதி இரண்டு முறை வந்துவிடும், தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. எதில் செய்வது? புத்தகத்தில் தேடினேன், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வேறு வழியில்லாமல் அம்மாவுக்குப் போன் செய்தேன். பேசாமல் இருப்பவள் எடுப்பாளா என்று சந்தேகம். எடுத்தாள், பேசவில்லை. கேள்வியை மட்டும் கேட்டேன்.

“பின்னால வர்றது,” என்றாள். வைத்துவிட்டாள்.

அப்படியே எழுதினேன். தமிழ்ப் பகுதிக்குத் தனிப் பட்டியல், தனிக் கணக்கு, தெலுங்கோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பழைய பட்டியலை அழித்தேன். முதலாளி கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார், பன்னிரண்டு பெயருக்கு ஒரு மாதமா என்று. பட்டனை மட்டும் அவர் விடவில்லை. இன்றும் அது இருக்கிறது, மூலையில், சிவப்பாக. நன்றாக ஓடுகிறது என்கிறார். மறதிக்காரர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள் போல.

ஆப் திருந்திவிட்டது என்று அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு தரம் ‘கம்ப்யூட்டர் கணக்கு’ என்று சொன்ன வாயால் மறுபடி எப்படிச் சொல்வது? போன் பேச ஆரம்பித்துவிட்டாள், சாப்பிட்டியா, பஸ்ஸு கெடச்சுதா என்ற அளவில். திதி பற்றி மட்டும் அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

இரண்டாம் வருஷம் ஆடி பிறந்ததும் போன் வந்தது.

“ஆடி இருபத்தஞ்சாந் தேதி வந்துடு. வளர்பிற சஷ்டி. காரியம் செய்ய வரச்சொல்லி சாமிகிட்ட நானே சொல்லிட்டேன். உன் போன் இன்னா சொன்னாலும் சரி, வந்துடு.”

“வர்றேம்மா.”

போனேன். அதே புரோகிதர், அதே எள், அதே சுவர். அம்மா இந்தத் தடவை சுவரோரம் உட்காரவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தினத்தாள் அன்று கிழிக்கப்படாமல் ஆணியில் இருந்தது. காரியம் முடியட்டும் என்று விட்டிருந்தாள்.

புரோகிதர் சங்கல்பம் ஆரம்பித்தார். ‘சிராவண மாசே’ என்று வந்ததும் அம்மா கையை நீட்டி நிறுத்தினாள்.

“சாமி, ஆடின்னு சொல்லுங்க.”

“தெலுங்குல சிராவணம்மா, தமிழ்ல ஆடி. ரெண்டூ ஒகட்டே,” என்றார் அவர் சிரித்துக்கொண்டு.

“இல்ல சாமி,” என்றோம் அம்மாவும் நானும்.

ஒரே நேரத்தில் சொன்னதில் அவர் கொஞ்சம் அரண்டுபோனார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்த பார்வை அது. புரோகிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழ் வீட்டுக்குச் சொல்வது போல மாதத்தை மாற்றிச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

வாசல் பக்கம் பார்த்து இலை போட்டோம். அம்மா பரிமாறினாள். அந்த இலையில் கருவாட்டுக்கு இடமில்லை. ஆனால் வாழைக்காய், பூசணி, எள்ளுருண்டை என்று ஒவ்வொன்றையும் வைக்கும்போது, உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பது போல ஒரு நொடி நின்று நின்று வைத்தாள். வெளியே தெருவில் எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன.

அப்போது சுவரில் மாட்டியிருந்த என் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். ‘இன்று உங்கள் தந்தையின் திதி. ஆடி, வளர்பிறை, சஷ்டி.’ பலூன் இல்லை, ஒரு சின்ன விளக்குப் படம் மட்டும். நாள், மாதம், திதி, எல்லாம் சரி. ஒரு மாத உழைப்பு.

“இன்னாவாம் அதுக்கு?” என்றாள் அம்மா, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒன்னும் இல்லம்மா,” என்று அணைத்துப் பைக்குள் போட்டேன்.